கேட்டவர்களும் கேட்க வைக்கப்பட்டவர்களும்: பழைய இசைமீதான ஏக்கம் குறித்துச் சில குறிப்புகள்

1

“இப்ப யாரு தம்பி பாட்டு கேக்குறா? பாட்ட ஓடவிட்டுட்டு வேற சோலியில்ல பாக்குறாய்ங்க.”

மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டு மூத்த தோழர் ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அறுபதைக் கடந்தவர். தொழிற்சங்கம், கையெழுத்துப் பத்திரிகை, திரைப்படச் சங்கம் என்று எல்லாவற்றிலும் அலைந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ‘புரோகிரஸிவ் ராக்’ என்று சொல்லப்படும் மேற்கத்திய இசைவகை அவருக்கு அறிமுகமானது. கிங் கிரிம்சன், யெஸ், ஜெத்ரோ டல், பிங்க் ஃபிளாய்டு என்று வரிசையாகப் பெயர் சொல்கிறார். “ஒரு பக்கம் முழுக்க, இருவது நிமிசம், அசையாம கேப்போம். நடுவுல எவனாச்சும் இருமுனா அடிக்கப் போயிருவோம்.” சமீபத்தில் பல ஆயிரம் ரூபாய் செலவழித்து ஒரு ரெக்கார்ட் பிளேயரும், பிங்க் ஃபிளாய்டின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டு ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ மறுபதிப்பும் வாங்கியிருக்கிறார்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரியவந்தது. விடுதியில் இருந்த காலத்தில் அவர் அந்த இசைத்தட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. யாரோ சென்னையில் பதிவுசெய்து கொண்டுவந்த கேசட், அதன் நகல், நகலுக்கு நகல். ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அட்டைப்படம் எப்படி இருக்கும் என்பதே பிறகுதான் தெரியுமாம். ஆக, இன்று அவர் காசு கொடுத்து ‘மீட்டெடுத்திருக்கும்’ பொருள் அன்று அவரிடம் இருந்ததே இல்லை. அன்று இருந்தது அந்த அறையும் அந்த ஏழெட்டுப் பேரும்தான். அவர்கள் எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார்கள். தட்டு கிடைக்கிறது, தட்டை வாங்கியிருக்கிறார்.

தோழரைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. அவருடைய புலம்பல் இன்று பொதுப்புலம்பலாகிவிட்டது. எண்பதுகளின் திரையிசை பற்றி, கேசட் பற்றி, இலங்கை வானொலி பற்றி நம் நண்பர்கள் எழுதிக் குவிக்கிற நினைவோடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ‘நாமெல்லாம் அப்போ’ என்றுதான் தொடங்குகின்றன. இந்த ‘நாம்’ யார்? இந்த ஏக்கம் எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதைச் சத்தமில்லாமல் கைவிடுகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் நான் பிறந்து வளர்ந்த ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

2

‘புரோகிரஸிவ்’ என்றால் தமிழில் ‘முற்போக்கு’. முப்பதுகள் தொட்டு இந்தச் சொல் நமக்கு ஓர் அரசியல் நிலைப்பாடு. எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறாய் என்பதற்கான பதில். அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்தில் இதே சொல் இசைக்கு முன்னொட்டாக வந்தபோது அதன் பொருள் வேறாக இருந்தது. மூன்று நிமிடப் பாட்டு என்கிற வடிவத்தை உடைத்து, ஐரோப்பியச் செவ்வியல் இசை, ஜாஸ் ஆகியவற்றின் விஸ்தாரத்தை ராக் இசைக்குள் கொண்டுவருவது. முன்னேறியது வடிவம். கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டு 1969. யெஸ் குழுவின் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ 1972. தலைப்புப் பாடல் மட்டும் 18 நிமிடத்துக்கு மேல், தட்டின் ஒரு பக்கம் முழுவதும். அதே ஆண்டில் ஜெத்ரோ டல்லின் ‘திக் அஸ் எ பிரிக்’. இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து ஒரே பாட்டு. 1973இல் யெஸ் இன்னும் மேலே போய், பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் வருகிற ஓர் அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு நான்கு பக்கங்களில் நான்கே பாடல்களாக 80 நிமிடச் சொச்சத்துக்கு ஓர் இரட்டைத் தட்டு வெளியிட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது, தோழர் புனிதமாகப் பேசுகிற அந்த ‘இருபது நிமிடம்’. அது எங்கிருந்து வந்தது? 1948இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய காலம் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு தொழிற்சாலைப் பண்டத்தின் அளவு இசையின் வடிவமாகி, பிறகு கேட்பவனின் ஒழுக்கமாகவும் ஆகிவிட்டது. அசையாமல், பேசாமல், முழுதாகக் கேட்பது என்பதும் ஐரோப்பிய நடுத்தர வர்க்கம் கச்சேரி அரங்கில் பழகிக்கொண்ட ஒழுக்கமே. அதற்குத் தனி அறை வேண்டும், கதவு வேண்டும், ஓய்வு வேண்டும். ஜெனிசிஸ் குழுவைத் தொடங்கியவர்கள் சார்ட்டர்ஹவுஸ் என்கிற பணக்காரப் பள்ளியின் மாணவர்கள் என்பது தற்செயலில்லை. எழுபதுகளின் நடுவில் ‘பிங்க் ஃபிளாய்டை வெறுக்கிறேன்’ என்று எழுதிய சட்டையோடு ஜானி ராட்டன் வந்து நின்றதும், பங்க் இசை வெடித்ததும் இந்த அறைக்கதவைக் குறிவைத்துத்தான்.

ஆனால் எல்லாவற்றையும் வர்க்கத்தில் கொண்டுபோய் முடித்துவிடுவது நம்மிடம் உள்ள பழைய வியாதி. அந்த இசை மதுரை விடுதிக்கு வந்து சேர்ந்தபோது அதன் பள்ளிக்கூட முத்திரை வழியிலேயே உதிர்ந்துவிட்டது. தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பையன்கள், சொற்கள் பாதி புரியாமல், நகலின் நகலில் இரைச்சலோடு அதைக் கேட்டார்கள். கர்நாடக சபாவுக்குள்ளோ பஜனை மடத்துக்குள்ளோ அவர்களுக்கு இடமிருந்திருக்காது. சாதி கேட்காத ஓர் இசை அது. தோழருக்கு அது கொடுத்த விடுதலை உண்மையானது. அதை மறுக்க எனக்கு உரிமை கிடையாது.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986). பாட்டில்லை, சொல்லில்லை, படமில்லை. தியாகராஜரும் பாக்கும் ஒரே வீட்டில் சந்தித்துக்கொள்வதுபோன்ற கற்பனை. ஒரு குரல் தொடங்க, இன்னொரு குரல் அதே சரடைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருகிற ஃபியூக் வடிவம், நமக்குப் பழகிய ராகங்களுக்குள். அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் பிறந்த ஒரு தலித் கலைஞன், இரண்டு செவ்வியல் மரபுகளின் தலைவாசலிலும் அனுமதி கேட்காமல் நுழைந்த நிகழ்வு என்று அதைப் படிக்க முடியும். 1990களின் இறுதியில் பிரேம்-ரமேஷ் இளையராஜாவைப் பற்றி ஒரு முழு நூலே எழுதியபோது, திரையிசையை ரசனைக் குறிப்பாக இல்லாமல் தத்துவப் பிரச்சினையாகப் பேச முடியும் என்பது நமக்கு உறுதியாயிற்று.

நான் பிறந்தபோது அந்தக் கேசட் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் அதை வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. நான் அந்த இசையை முதலில் கேட்டது பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில், பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தில். சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தள்ளாடித் தள்ளாடிப் போகிறார். பின்னால் அந்த வயலின்கள். அது தனியாக வந்த ஓர் இசைத்தொகுப்பு என்று தெரிந்தது எம்.ஏ. படிக்கும்போதுதான். எனக்கு அது இன்றும் ஒரு கிழவர் சுவரைத் தடவிப் பார்க்கிற இசை. ‘சரியாக’ கேட்டவர்களின் பட்டியலில் என்னைப் போன்றவர்கள் வரமாட்டோம்.

3

எங்கள் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் இசையைச் சொந்தமாக வைத்துக்கொண்டு கேட்கவில்லை. இசை நடமாடுகிற இடத்தில் நின்று கேட்டார்கள். டீக்கடை ரேடியோ, டவுன்பஸ், முடிதிருத்தகம், சடங்கு வீட்டு ரேடியோ செட். இது ஏதோ குறைபட்ட கேட்டல் என்றுதான் அதிகாரத்தில் இருந்தவர்களும் நினைத்தார்கள். 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை மக்கள் காதைக் கெடுக்கிறது என்று சொல்லி அதை அகில இந்திய வானொலியிலிருந்து ஒதுக்கிப் பார்த்தார். மக்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கிவர வேண்டியதாயிற்று. காதைத் திருத்துகிறோம் என்று கிளம்பியவர்களின் தோல்வி வரலாற்றில் இது ஓர் அத்தியாயம்.

பெரியப்பா மகன் ஒருவர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கேசட் பதிவுக் கடையில் வேலை பார்த்தார். ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அவர் காலி கேசட்டில் ஏற்றிக்கொடுப்பார். அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியிருந்தால் அவை ஒரு காலத்தின் சமூக ஆவணமாக இருந்திருக்கும். படத்தின் பெயர் தெரியாமல் ‘கொடைக்கானல்ல மோகன் கண்ணாடி போட்டு வர்ற பாட்டு’ என்று எழுதியிருப்பார்கள். காதல் தோல்வியா, வளைகாப்பா, வெளிநாட்டில் இருக்கிற புருசனுக்கு அனுப்புவதா என்பது பட்டியலைப் பார்த்தாலே தெரியும் என்பார் அண்ணன். தட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரு முழுப் படைப்பாகக் கருதிய கலைஞர்களின் திட்டத்தை எங்கள் ஆட்கள் கூச்சமில்லாமல் கலைத்தார்கள்; தங்களுக்கு வேண்டிய வரிசையில் அடுக்கினார்கள். வட இந்தியாவில் கேசட்டின் வரவு இசைத்தொழிலை எப்படிப் பெருமுதலாளிகளிடமிருந்து சிதறடித்தது என்று பீட்டர் மேனுவல் 1993இல் ஒரு நூல் எழுதினார். அந்த நூலில் வரவேண்டிய ஆள் எங்கள் அண்ணன்.

60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். கடைசிப் பாட்டு அடங்காவிட்டால் இரண்டாம் சரணத்தில் அறுந்துவிடும். வீட்டிலிருந்த ஒரு கேசட்டில் அப்படி அறுந்த ஒரு பாட்டு உண்டு. இன்று செல்போனில் முழுதாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் டேப் ‘டக்’கென்று நிற்கிற சத்தத்துக்காக என் காது காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவது வேறு யாருடைய பாட்டோபோல இருக்கிறது. தோழருக்கு இருபது நிமிடம் என்றால் எனக்கு இந்த அறுந்த சரணம். எந்திரத்தின் எல்லைதான் இரண்டும்.

4

இதுவரை படித்தவர்கள் நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று ஊகித்திருக்கலாம்: தனியறைக் கேட்டல் மேட்டிமை, தெருவில் கேட்டல் மக்கள் கலாச்சாரம், எனவே தெருவைக் கொண்டாடுவோம். நம் பத்திரிகைகளில் அப்படி எழுதுவது சுலபம். நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் தெருவில் ஒலித்ததெல்லாம் தெருவில் இருந்த எல்லோருக்காகவும் ஒலிக்கவில்லை.

1992இல் ‘தேவர் மகன்’ வந்தது. அதில் ஒரு பாட்டு தென்மாவட்டங்களில் சாதிப் பெருமையின் கீதமாக மாற்றப்பட்டது. இசை இளையராஜா. பாட்டின் மெட்டில் மட்டும் அதற்கான காரணத்தைத் தேடினால் கிடைக்காது. ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில் பாதிக் காரணம் இருக்கிறது. திருவிழா என்றால் எங்கள் தெருவுக்கு நேராகக் குழாயைத் திருப்பிக் கட்டுவார்கள். அந்தப் பாட்டு ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கும். மறுபடி. மறுபடி. அம்மா ஒன்றும் பேசாமல் சன்னலைச் சாத்துவாள். ஓட்டுவீட்டில் சன்னலைச் சாத்தி என்ன பயன்? கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. அந்த இரவுகளில் நாங்கள் இசை கேட்கவில்லை, கேட்க வைக்கப்பட்டோம். எங்கள் தெருப் பையன்கள் பதிலுக்கு வேறொரு பாட்டை ரேடியோ செட்டில் போட்டால் மறுநாள் பஞ்சாயத்து, சில சமயம் போலீஸ். அந்தப் படத்தைப் பற்றிய கேள்வி முப்பது ஆண்டுகள் கழித்து, 2023இல் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ வந்தபோதும் புதிதாகவே இருந்தது என்றால், அந்தக் குழாய் இன்னும் இறக்கப்படவில்லை என்று பொருள்.

இந்தப் பாட்டை உண்டாக்கியவரும் ‘ஹவ் டு நேம் இட்?’ செய்தவரும் ஒரே ஆள் என்கிற முரணை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. ஒரு கலைஞனின் இசை அவன் கையைவிட்டுப் போனபின் யார் கையிலிருக்கிற ஒலிபெருக்கி வழியாக வருகிறது என்பதைப் படிக்காமல், சுரங்களை மட்டும் படிப்பது விமர்சனமாகாது என்று மட்டும் சொல்வேன்.

அண்ணன் முதல் சம்பளச் சேமிப்பில் ஒரு வாக்மேன் வாங்கினார். சோனி 1979இல் கண்டுபிடித்தது எங்கள் தெருவுக்கு வர இருபது வருடம் ஆயிற்று. திருவிழா ராத்திரியில் அதை என் காதில் மாட்டிவிட்டார். வெளியே குழாய் அலறிக்கொண்டிருக்க, உள்ளே எனக்கென்று ஒரு பாட்டு. காதுக்கு இமை கிடைத்தது அன்றுதான். சில வருடம் கழித்து அக்காவுக்கு ஒரு பழைய பட்டன் போன் கிடைத்தது. போர்வைக்குள் இயர்போனை மாட்டிக்கொண்டு கொடைக்கானல் பண்பலை கேட்பாள். எந்தப் பாட்டு ஓடுகிறது, ஏன் சிரிக்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் மனசில் யார் இருக்கிறார் என்பதைப் பாட்டை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போனது பெண்பிள்ளைகளின் வரலாற்றில் சின்ன விஷயமில்லை. ‘எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டு தனித்தனியாப் போயிட்டாய்ங்க’ என்று புலம்புகிறவர்கள், சேர்ந்து கேட்ட காலத்தில் யாருக்கு விருப்பம் இருந்தது, யாருக்குக் காது மட்டும் இருந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

5

புலம்பலுக்கும் ஒரு வரலாறு உண்டு. இசை கேட்கும் திறன் சீரழிந்துவிட்டது, மக்கள் துண்டு துண்டாகக் கேட்கிறார்கள் என்று அடோர்னோ எழுதியது 1938இல். தோழர் கொண்டாடுகிற காலத்துக்கு 30 வருடம் முன்பே காது கெட்டுப்போயிருந்தது!

இன்னும் பின்னால் போகலாம். ‘நாஸ்டால்ஜியா’ என்கிற சொல்லை 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்கிற மருத்துவ மாணவர் ஒரு நோயின் பெயராக உருவாக்கினார். ஊரைவிட்டு வெகுதூரம் போனவர்களுக்கு வருகிற ஏக்க நோய். பிறகு அது கூலிப்படையில் சேர்ந்த சுவிஸ் வீரர்களின் நோயென்றே பெயர்பெற்றது. மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுகிறவர்களின் ஒரு பாட்டைக் கேட்டால் அவர்கள் அழுதார்கள், படையைவிட்டு ஓடினார்கள், செத்தும் போனார்கள். எனவே அதை இசைத்தால் மரண தண்டனை என்று விதி இருந்ததாக ரூசோ தன் 1768ஆம் ஆண்டு இசை அகராதியில் எழுதுகிறார். அவர் சேர்த்துச் சொல்வது முக்கியமானது: அந்த மெட்டில் அப்படி எந்தச் சக்தியும் இல்லை. கேட்பவனின் பழைய வாழ்க்கையை அது நினைவுக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். மாட்டுக்காரப் பாட்டில் தொடங்கிய நோயைப் பற்றி நாங்கள் மாட்டுத்தாவணியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். 1999இல் பேருந்து நிலையம் வருவதற்கு முன்னால் மாட்டுச் சந்தை நடந்த பகுதி அது. அந்த மாட்டுக்காரர்களும் ஏதாவது பாடியிருப்பார்கள். எங்களுக்கு ஒரு மெட்டும் தெரியாது.

என் வாதம் இங்குதான் வந்து நிற்கிறது. ஏக்கத்துக்கு ஒரு பண்டம் தேவைப்படுகிறது. தட்டாகவோ கேசட்டாகவோ விற்கப்பட்ட இசைக்கு மட்டுமே ஏங்க முடிகிறது. அதை மறுபடியும் விற்கவும் முடிகிறது. பண்டமாகாத இசைக்கு ஏங்க ஆளில்லை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் பாடியவர். தம்பிகள் கற்றுக்கொண்டது அந்த மேடைகளில்தான். சரியாகச் சொன்னால் நம் பக்கத்தின் ‘முற்போக்கு இசை’ அதுவே. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி 2025 மார்ச்சில் லண்டனில் அரங்கேறிய ‘வேலியன்ட்’ சிம்பொனி வரை தம்பியின் இசைக்கு ஒலிப்பதிவு இருக்கிறது, கொண்டாட்டம் இருக்கிறது, நினைவோடைகள் இருக்கின்றன. பாவலர் குரலைக் கேட்க எனக்கு ஒரு நாடாகூடக் கிடைத்ததில்லை.

இன்றைய தளங்கள் இந்தப் பழைய கணக்கைத்தான் துல்லியமாகப் போடுகின்றன. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. நாம் கேட்பதை அது கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்து எதைக் கேட்க வைக்கலாம் என்று எடுத்து நீட்டுகிறது. நம் காதுக்குக் கிடைத்த இமையை இப்போது வேறொருவர் திறந்து மூடுகிறார். இளைஞர்களுக்குப் பொறுமை போய்விட்டது என்று அவர்களைக் குற்றம்சாட்டுவதைவிட, இதைப் பேசுவது நமக்கு வேலை. 2016இல் மலிவு இணையம் வந்தபின் கேட்பவர்கள் எண்ணிக்கை பெருகியது என்பதும், பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற பையன்கள் செல்போனை எவர்சில்வர் சொம்புக்குள் போட்டுச் சத்தத்தைப் பெருக்கி நாலைந்து பேராகக் கேட்கிறார்கள் என்பதும் இதே காலத்தில் நடப்பவைதான். அவர்களுக்கும் ஒரு டேப் ரெக்கார்டர், ஏழெட்டுப் பேர்.

தோழரிடம் கேட்டேன்: “பாவலர் பாட்டு ஏதாச்சும் தெரியுமாண்ணே?”

“அப்பாதான் பாடுவாரு. கூட்டத்துக்கெல்லாம் போய் கேட்டவரு” என்றார். கண்ணை மூடி, கண்ணாடி டம்ளரில் விரலால் தட்டிக்கொண்டு ஒரு மெட்டை முனகினார். இரண்டு அடி போயிருக்கும். “இதுக்கு மேல வரமாட்டேங்குதுப்பா” என்றார். மேலூர் வண்டி வந்துவிட்டது.

இந்த இதழைப் படிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பம் பள்ளத்தாக்கிலும், மதுரையைச் சுற்றியும், தோட்டங்களிலும் அந்தக் கூட்டங்களில் நின்று கேட்டவர்கள் சிலர் இன்னும் இருப்பார்கள். எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். சொல் மறந்து மெட்டு மட்டும் நினைவிருக்கலாம்; பாதிதான் வரலாம். போய் உட்கார்ந்து, உங்கள் கையிலிருக்கிற செல்போனிலேயே பதிவுசெய்து வையுங்கள். அறுந்த இடத்தில் அறுந்தபடியே இருக்கட்டும்.